பிறர் அடிக்கும் மணியும் நாம் அடிக்கும் மணியும்



புக்கிட் செந்தோசாவிலும் அதனைச் சூழ்ந்த வட சிலாங்கூர்ப் பகுதிகளிலும் வாழும் நம்மில் பலர் தோட்டத்துக் குடும்பங்களின் வழித்தோன்றல்கள். தோட்டத்தில் பொழுது விடிந்தது மணியோசையில். இருள் பிரியுமுன் பெரட்டு மணி ஒலிக்கும். ஆண்களும் பெண்களும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்று பெயர் கொடுப்பர். வெயில் ஏறுமுன், குளிர்ந்த வேளையில்தான் ரப்பர் மரத்தில் பால் நன்கு வடியும். ஆகவே அம்மணிக்கு ஒரு காரணம் இருந்தது. ஆயினும் மணியை அடித்தவர் வேறு. அதற்குக் கட்டுப்பட்டு நடந்தவர் வேறு.

இன்று அவர்களின் பேரப்பிள்ளைகளுடைய சட்டைப்பையில் வேறொரு மணி ஒலிக்கிறது. திறன்பேசியின் அறிவிப்பொலியே அது. அதற்கும் காரணம் உண்டு. சமூக ஊடக நிறுவனங்களின் வருவாயில் பெரும்பங்கு விளம்பரத்தால் வருவது. நாம் திரையில் தங்கும் நேரம் கூடக்கூட, அவை காட்டும் விளம்பரமும் கூடும். ஒரு காணொளி முடிந்ததும் அடுத்தது தானே ஓடுவதும், தள்ளத் தள்ளப் பக்கம் முடிவின்றி நீள்வதும் தற்செயலாக அமைந்தவை அல்ல. பெரட்டு மணிக்காவது ஒரு வேளை இருந்தது. இம்மணிக்கு வேளை என்பதே இல்லை.

கருவியைப் பழிப்பது எம் நோக்கமன்று. 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடம் வீடு தேடி வந்தது இக்கருவியின் வழியேதான். கல்லூரியிலும் விரிவுரைக் குறிப்பு, பணி ஒப்படைப்பு, புலனக் குழுச் செய்தி யாவும் இதன்வழியே வரும். ஆகவே கருவியை விலக்குவது வழியன்று. அதனை ஆளப் பழகுவதே வழி.

இளையோரைக் காக்க இன்று பல வேலிகள் எழுகின்றன. எட்டு மில்லியனுக்கு மேற்பட்ட பயனர்களைக் கொண்ட சமூக ஊடகங்கள் 2025 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் உரிமம் பெற வேண்டும் என்பது விதி. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டோர் பெரிய சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்க இயலாது. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால், எஸ்.பி.எம். எழுதும் 17 வயது மாணவருக்கு இத்தகைய வயது வேலி பயன்படாது. ஐந்தாம் படிவம் வரை பள்ளியின் கட்டுப்பாடு இருக்கும். வீட்டில் தாயின் குரல் இருக்கும். தஞ்சோங் மாலிமிலோ பினாங்கிலோ விடுதி அறைக்குள் நுழையும் முதல் இரவில் இவ்விரண்டும் ஒருசேர மறையும். நீந்தவே பழகாதவரை ஆழத்தில் இறக்கிவிடுவது போன்றது அது.

எனவே, பொறுப்பைப் படிப்படியாகக் கைமாற்ற வேண்டும் என்பதே எம் வேண்டுகோள். நான்காம் படிவத்தில் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து விதி வகுக்கலாம். ஐந்தாம் படிவத்தில் பிள்ளையே விதி வகுத்து, பெற்றோர் வாரம் ஒருமுறை கேட்டறியலாம். தேர்வு முடிந்து உயர்கல்வி தொடங்கும் வரையுள்ள மாதங்களே ஒத்திகைக் காலம். அப்போது தடை எதுவும் வேண்டா. பிள்ளை தடுமாறினாலும் வீட்டிலிருக்கும்போதே தடுமாறட்டும். அங்கே கைகொடுக்க ஆள் உண்டு.

மாணவர்களே, உங்களிடம் மூன்றே பழக்கங்களை வேண்டுகிறோம்.

முதலாவது, உறக்கம். 13 முதல் 18 வயது வரையுள்ளோர்க்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை என்பது உறக்க மருத்துவ வல்லுநர் கருத்து. சிறிய கடிகாரம் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். எழுப்புவதற்குக் கைப்பேசி வேண்டும் என்ற சாக்கு நீங்கும். பின்னர் அதனைக் கட்டிலுக்கு எட்டாத தொலைவில் வையுங்கள்.

இரண்டாவது, அறிவிப்பு. குடும்பத்தார் அழைப்பையும் பாடக்குழுச் செய்தியையும் தவிர மற்ற ஒலிகளை நிறுத்துங்கள். ஊடகத்தை நீங்கள் குறித்த வேளையில் நீங்களே திறந்து பாருங்கள். அது உங்களை அழைக்க வேண்டா.

மூன்றாவது, பணம். உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கும்; கல்விக் கடனும் அதில் வந்து சேரும். எளிதாகப் பணம் தருவதாகச் சொல்லிக் கணக்கையோ அட்டையையோ கேட்பவருக்குக் கொடாதீர்கள். மோசடிப் பணம் உங்கள் கணக்கு வழியே சென்றால் சட்டத்தின்முன் நிற்பவர் நீங்களே. ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தால் வெட்கப்படாமல் உடனே 997 என்ற எண்ணை அழையுங்கள். தாமதிக்குந்தோறும் பணம் கைமாறிக்கொண்டே போகும்.

ஆசிரியப் பெருமக்களே, மாணவர் தம் திறன்பேசி காட்டும் வாராந்தரத் திரைநேரத்தைத் தாமே குறித்து, அதுபற்றித் தமிழில் ஒரு பத்தி எழுதட்டும். அதற்கு மதிப்பெண்ணும் வேண்டா, கண்டிப்பும் வேண்டா. தம்மைத் தாமே அளந்து பார்ப்பதே தன்னாட்சியின் தொடக்கம்.

நம் முன்னோர்க்குத் தம் நாளைத் தாமே வகுக்கும் உரிமை கிடைக்கவில்லை. அவர்கள் உழைப்பால் அவ்வுரிமை நம் பிள்ளைகளுக்கு வாய்த்திருக்கிறது. அதனை ஒரு சிறு கருவியிடம் ஒப்படைத்துவிடாதிருப்போம்.