உடம்பின் ஊர்காவற்றுறை



உடற்காவலான நிர்ப்பீடனம் பற்றிப் பேசக் கூடும் அவைக்கு ஊர்காவற்றுறையைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. ஊரைக் காக்கும் துறை என்று பெயரே சொல்லிவிடுகிறது. காரைநகருக்கும் இந்தக் கரைக்கும் நடுவே கடலில் நிற்கும் கோட்டையைக் கட்டியவர்கள் போர்த்துக்கேயர். 1658இல் அதைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் ஹம்மன்ஹீல் என்று பெயர் வைத்தார்கள். யானைகள் கப்பலேறிய துறை இது. கோட்டைப் பீரங்கி கண்ணில் பட்ட கலத்தையெல்லாம் சுட்டிருந்தால் பகைவன் வரவேண்டிய தேவையே இருந்திராது. துறை தானாகவே பாழ்பட்டிருக்கும். எந்தக் கலத்தைத் தடுப்பது என்பதைப் போலவே எதை உள்ளே விடுவது என்பதும் காவலின் வேலைதான்.

கலம் என்ற சொல்லுக்கு இங்கே இரட்டைப் பொருள். துறையில் அது மரக்கலம். பள்ளிக்கூடத்து உயிரியல் புத்தகத்தில் உடம்பின் அலகு. தமிழகத்தார் செல் என்பதை ஈழத்து மாணவர் கலம் என்றே படிக்கிறார்கள். இந்த மாநாடு பேசப்போவது உடம்பைக் காக்கும் ரி கலங்களைப் பற்றி. அவற்றிலும் குறிப்பாக, சுடாதே என்று கட்டளையிடும் ஒரு சிறு பிரிவைப் பற்றி.

மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமசுச் சுரப்பியின் வேலை என்னவென்று 1961 வரை தெளிவில்லை. அந்த ஆண்டு லண்டனில் ஜாக் மில்லர், அப்போதுதான் பிறந்த சுண்டெலிக் குஞ்சுகளின் தைமசை அகற்றிப் பார்த்தார். அவற்றின் உடற்காவலே குலைந்து போயிற்று. ரி கலங்கள் முதிர்வது அங்கேதான். ஒவ்வொரு ரி கலத்துக்கும் இலக்கை இனங்காணத் தனக்கென்று ஒரு வாங்கி உண்டு. அந்த வாங்கிகள் குருட்டாம்போக்கில் உருவாவதால், சில கலங்கள் கிருமியை விட்டுவிட்டுச் சொந்த உடம்பையே பற்றிக்கொள்ளும். அப்படிப்பட்டவற்றில் பெரும்பாலானவை தைமசிலேயே அழிக்கப்படுகின்றன. அந்தப் 'பெரும்பாலானவை' என்ற சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. தப்பி வெளியே வந்தவற்றை யார் அடக்குவது?

1970களில் இதற்கு ஒரு விடை சொல்லப்பட்டது. அடக்கும் ரி கலங்கள் என்று ஓர் இனம் உண்டு என்று பலர் எழுதினார்கள். ஆனால் அந்தக் கோட்பாட்டுக்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட பரம்பரையலகு, சுண்டெலியின் நிறமூர்த்தத்தில் அது இருக்கவேண்டிய இடத்தில் இல்லவே இல்லை என்று 1980களில் தெரியவந்தது. கோட்பாடு சரிந்தது. அதைத் தொடுவதற்கே ஆய்வாளர்கள் தயங்கிய காலம் வந்தது.

யப்பானைச் சேர்ந்த சிமோன் சகாகுச்சி தயங்கவில்லை. அவர் மனதை உறுத்தியது ஒரு பழைய பரிசோதனை. பிறந்த மூன்றாம் நாள் தைமசை அகற்றினால் சுண்டெலியின் உடற்காவல் தளரும் என்றுதான் எதிர்பார்ப்போம். நடந்ததோ வேறு. உடற்காவல் வெறிகொண்டு சொந்த உறுப்புகளையே தாக்கியது. அதே மரபுவழியில் வந்த நலமான சுண்டெலிகளிலிருந்து ரி கலங்களை எடுத்து, தைமசை இழந்தவற்றுக்குச் செலுத்தினார் சகாகுச்சி. தாக்குதல் வரவில்லை. அப்படியானால் அந்தக் கலங்களுக்குள் கட்டுப்படுத்தும் ஏதோ ஒன்று இருக்கத்தான் வேண்டும். அதை வேறுபடுத்திக் காட்டும் அடையாளத்தைத் தேடுவதில் பத்தாண்டுக்கு மேல் போயிற்று. 1995இல் அவர் வெளியிட்ட கட்டுரை சீ.டீ.25 என்ற புரதத்தைச் சுமக்கும் சிறு பிரிவைச் சுட்டியது. அந்தப் பிரிவை நீக்கிவிட்டு மிச்ச ரி கலங்களை மட்டும் செலுத்தினால் நோய் வந்தது. சேர்த்துச் செலுத்தினால் வரவில்லை. கைவிடப்பட்ட ஒரு கேள்வியை இத்தனை பொறுமையோடு ஒருவர் சுமந்தார் என்பதை இந்த அவையில் அமர்ந்திருக்கும் இளம் ஆய்வாளர்கள் கவனிக்க வேண்டும்.

இந்தக் கண்டுபிடிப்பின் மற்றைய பாதி அமெரிக்காவில் நடந்தது. 1940களில் டெனசியின் ஓக் ரிட்ஜ் ஆய்வுகூடத்தில், கதிர்வீச்சின் விளைவை ஆராய வளர்த்த சுண்டெலிகளிடையே தோல் செதில் செதிலாக உரியும் ஆண் குஞ்சுகள் பிறந்தன. மண்ணீரலும் நிணநீர்க்கணுக்களும் வீங்கி, சில வாரங்களில் இறந்தன. ஸ்கேர்பி என்று அவற்றுக்குப் பெயர். அரை நூற்றாண்டு கழித்து, வொஷிங்டன் மாநிலத்தில் ஒரு மருந்து நிறுவனத்தில் பணியாற்றிய மேரி பிறங்கோவும் பிரெட் றாம்ஸ்டெலும் அந்தப் பழுது எந்தப் பரம்பரையலகில் என்று தேடப் புறப்பட்டார்கள். எக்ஸ் நிறமூர்த்தத்தின் நீளம் ஏறத்தாழ 17 கோடி எழுத்துகள். தேடும் பரப்பை 5 இலட்சமாகச் சுருக்கினார்கள். அதற்குள் 20 பரம்பரையலகுகள். ஒவ்வொன்றாகப் பார்த்து வந்ததில் பழுது இருந்தது இருபதாவதில், கடைசியில். அதுதான் பொக்ஸ்-பி-3. அதே அலகு பழுதானால் ஆண் குழந்தைகளுக்கு ஐபெக்ஸ் என்ற கொடிய நோய் வருகிறது என்பதையும் 2001இல் காட்டினார்கள்.

இரண்டு பாதிகளும் 2003இல் பொருந்தின. சகாகுச்சி கண்ட கலங்களை உருவாக்கி நடத்துவது பொக்ஸ்-பி-3 என்று உறுதியானது. 2025 ஒக்டோபர் 6ஆம் திகதி மூவருக்கும் மருத்துவ நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. றாம்ஸ்டெல் அப்போது மனைவியோடு மலைப்பயணத்தில் இருந்தார். செய்தி அவரை எட்டப் பல மணி நேரமாயிற்று.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழகத்தில் நோயெதிர்ப்புச் சக்தி என்கிறார்கள். அந்தப் பெயரைக் கேட்டால் சண்டைதான் மனதில் வரும். ஈழத்துப் பாடநூல் தரும் நிர்ப்பீடனம் வடசொற் கலப்பானது, வாயில் எளிதில் புரளாதது. ஆனால் பீடனம் என்றால் துன்பம், துன்பமற்றிருப்பதே நிர்ப்பீடனம். எதிர்ப்பும் அதற்குள் அடங்கும், அடக்கமும் அடங்கும். இன்று ஆய்வுகூடங்கள் கண்டிருப்பதற்கு இந்தப் பழைய பாடநூற் சொல்லே நெருக்கமாக இருக்கிறது. அதைக் கைவிடக் கூடாது.

அடக்கம் தவறினால் என்னவாகும் என்பதைக் காண நெடுந்தீவில் முதலாம் வகை நீரிழிவு வந்த ஒரு பிள்ளையை நினைத்துப் பார்த்தால் போதும். இது முதுமையில் வரும் சீனி வருத்தம் அல்ல. பிள்ளையின் சொந்த ரி கலங்களே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் கலங்களை அழித்துவிடுகின்றன. அதன்பிறகு வாழ்நாள் முழுவதும் ஊசி. இன்சுலின் குளிர்ச்சியில் இருக்கவேண்டிய மருந்து. மின்சாரத்துக்கு டீசலை நம்பியிருந்த தீவுகளில் அது சிறிய கவலையல்ல. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றிலும் சூரிய ஒளியும் காற்றும் கலந்த மின்திட்டத்துக்கு இந்திய நிதியுதவியோடு 2024 மார்ச்சில் ஒப்பந்தமானது. விளக்கெரிவதோடு மருந்தும் குளிரும் என்பதால் வைத்திய உலகம் அந்தத் திட்டத்தைத் தன் திட்டமாகவே பார்க்க வேண்டும்.

ஊசிக்கு முன்பே தடுக்க முடியுமா? ரி கலங்களைப் பற்றித் தணிக்கும் டெப்லிசுமாப் என்ற மருந்துக்கு அமெரிக்கா 2022 நவம்பரில் அனுமதி அளித்தது. நோய் வரும் அறிகுறி குருதியில் தெரிந்தவர்களுக்கு, அதன் முழு வெளிப்பாட்டை அது ஏறத்தாழ இரண்டு ஆண்டு தள்ளிப்போட்டது. பதினொரு வயதுப் பிள்ளைக்கு ஊசியில்லாத இரண்டு ஆண்டு என்பதன் மதிப்பு தாய்மாருக்குத் தெரியும்.

அடக்கம் மிகுந்தாலும் கேடுதான். புற்றுக்கட்டிகள் கட்டுப்படுத்தும் ரி கலங்களைத் தம்மைச் சுற்றி வரவழைத்து, அவற்றின் மறைவில் வளர்கின்றன. டெங்குவிலும் இதன் சாயல் உண்டு. 2017இல் இலங்கையில் 1,86,000 பேருக்கு டெங்கு கண்டது. ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்தின் நீலிகா மளவிகேயும் குழுவினரும், கடும் டெங்கு நோயாளரின் குருதியில் ஐ.எல்.10 என்ற தணிக்கும் புரதம் உயர்ந்திருப்பதையும், வைரசுக்கு எதிரான ரி கலங்களின் வேகம் அதனால் குன்றுவதையும் காட்டினார்கள். இதே நாட்டு நோயாளரிடம், இதே நாட்டு ஆய்வாளர் கண்ட முடிவு அது.

ரி கலங்களை அறிவதன் பயன் அயலிலும் தெரிகிறது. இந்தியாவில் மும்பை ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து, நோயாளியின் ரி கலங்களையே மாற்றியமைத்துக் குருதிப் புற்றுக்கு மருந்தாக்கும் நெக்ஸ்கார்19ஐ உருவாக்கின. 2023இல் அனுமதி கிடைத்தது. மேலைநாட்டு விலையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு அதைக் கொண்டுவந்தது பெரிய காரியம். அதுவும்கூட இங்குள்ள குடும்பங்களுக்கு எட்டாத் தொலைவுதான்.

இத்தனையையும் தமிழில் சொல்ல முடியுமா என்று கேட்பவர்களுக்கு மானிப்பாய் அருகிலேயே இருக்கிறது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் அங்கே வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்றியலையும் இரண வைத்தியத்தையும் தமிழ் நூல்களாக்கினார். இந்தத் தீவின் கரம்பொன்னில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகள் தமிழாய்வை உலக மாநாடாகக் கூட்டினார். அடிகளின் மண்ணில் கிறீனின் பணியைத் தொடர்வது ஒன்றும் புதுத் துணிச்சல் அல்ல.

இனி, நடைமுறை. ரி கலங்களை ஆராயக் குருதி புதிதாக இருக்க வேண்டும். எடுத்த அன்றே, கூடியவரை சில மணி நேரத்துக்குள், கலங்களைப் பிரித்து உறையவைக்க வேண்டும். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் ஒரு மணி நேரம். பிறகு பண்ணைத் தாம்போதி வழியே யாழ்ப்பாணம். சோளகம் பெலத்து வீசும் நாளில் அந்தக் கணக்கெல்லாம் தவறிவிடும். தீவகப் பிள்ளைகளின் குருதி ஆய்வுக்குள் வராமலே போனால், அவர்களுக்குப் பொருந்தும் முடிவுகளும் வராது. 1978 முதல் யாழ்ப்பாணத்தில் மருத்துவ பீடம் இருக்கிறது. தீவுகளில் வைத்தியசாலைகள் இருக்கின்றன. இடையே தேவைப்படுவது குருதியைச் சுழற்றிப் பிரிக்கும் ஒரு பொறி, ஒரு குளிர்பெட்டி, பயிற்சி பெற்ற இருவர். காலைப் படகின் நேரத்துக்கு ஏற்பக் குருதி எடுக்கும் நேரத்தை எப்படி வகுப்பது என்ற கேள்வியோடு இன்றைய முதல் அமர்வு தொடங்கட்டும்.