சைக்கிள் பாதை யாருக்காக?



சாதி ஒழிப்பு மேடையில் சைக்கிள் பாதைக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ஊர்த்தெருவுக்குள் நுழைந்தால் தலித் மக்கள் சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும் என்ற கட்டுப்பாடு தமிழ்நாட்டின் பல கிராமங்களில் இருந்தது. ஏறி ஓட்டியதற்காக அடிவாங்கியவர்கள் உண்டு. 2001இல் தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம் முதலில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்குத்தான் வந்தது. ஆகவே தெருவில் யார் ஏறி ஓட்டலாம் என்பது நமக்குப் பழைய அரசியல் கேள்வி.

நகரத்துச் சாலை சாதியைக் கேட்பதில்லை, வேகத்தைக் கேட்கிறது. ஆனால் வேகம் இல்லாதவர்கள் யார்?

நகர்ப்புற இடப்பெயர்வு பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்தும் குடிசைப் பகுதிகளிலிருந்தும் அகற்றப்பட்ட மக்களைக் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் குடியமர்த்தினார்கள். அவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். வேலை நகரத்துக்குள்ளேயே இருந்தது. வீடு மட்டும் பல கிலோமீட்டர் தள்ளிப் போனது. பஸ் இல்லாத நேரத்தில் ஷிப்ட் முடியும் காவலாளிக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் சைக்கிள் பொழுதுபோக்கு அல்ல.

சென்னை மாநகராட்சி 2014இலேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கான கொள்கையை ஏற்றது. போக்குவரத்து நிதியில் 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் என்றது அது. காகிதத்தில் நாம் ஏற்கெனவே ஜெயித்துவிட்டோம்!

தரையில் என்ன நடக்கிறது? பெங்களூரு வெளிவட்டச் சாலையில் 2020இல் சைக்கிளுக்கெனத் தனிப் பாதை ஒதுக்கினார்கள். தடுப்புத் தூண்கள் உடைந்தன; மோட்டார் வாகனங்கள் உள்ளே புகுந்தன. வெள்ளைக் கோடு லாரியை நிறுத்தாது. வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். நிறுத்திய காரின் கதவு திறக்கும் இடத்தில் போட்ட பாதை, சக்கரம் சிக்கும் வடிகால் கம்பி, பஸ் நிறுத்தத்தில் காணாமல் போகும் பாதை – இவை பாதுகாப்பு அல்ல, பொறி. எல்லாவற்றையும் விட மோசம், சந்திப்புக்குச் சற்று முன்னால் முடிந்துபோகும் பாதை. இடதுபுறம் திரும்பும் பஸ் அங்கேதான் குறுக்கே வருகிறது.

அரசுக் கணக்கிலேயே இந்தியாவில் ஆண்டுக்கு 4,000க்கும் மேற்பட்ட சைக்கிள் ஓட்டிகள் சாலையில் சாகிறார்கள். ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் கேட்பது ஒன்றுதான்: “லைட் போட்டிருந்தாரா?” சாலையைப் போட்டவரை யாரும் விசாரிப்பதில்லை.

காலையில் உடற்பயிற்சிக்காக ஓட்டுபவர் மீது எனக்குக் கோபமில்லை. அவர் உயிரும் உயிர்தான். ஆனால் சாலை ஆபத்தானால் அவர் வீட்டில் இருந்துகொள்ளலாம். காவலாளியால் முடியாது. அதனால் பாதை கடற்கரையில் அல்ல, கண்ணகி நகர் வாசலில் தொடங்கட்டும். கோடாக இல்லாமல் உயர்த்திய தடுப்போடு இருக்கட்டும். சந்திப்பைக் கடந்து அந்தப் பக்கமும் தொடரட்டும்.

உங்கள் வார்டின் பகுதி சபைக் கூட்டத்தில் கையைத் தூக்கி இதைக் கேளுங்கள். நம் மக்களை இறங்கச் சொல்லும் சாலை நமக்கு வேண்டாம்.

ஜெய்பீம்!