"நல்லா இருக்கேம்மா"



ஒரு கூலிக்காரர் வீட்டிலிருந்து முதல் முதலாக ஒரு பெண் கல்லூரிக்குப் போகிறாள். தெருவே பெருமைப்படுகிறது. பெட்டியும் துணியும் கடனில் வாங்கியவை. ஆறு மாதம் போகிறது. அவளுக்குத் தூக்கம் வருவதில்லை. சோறு இறங்குவதில்லை. புத்தகத்தைத் திறந்தால் எதுவும் மனதில் நிற்பதில்லை. வீட்டிலிருந்து போன் வந்தால் மட்டும், "நல்லா இருக்கேம்மா" என்கிறாள்.

ஏன் மறைக்கிறாள்?

மனநல டாக்டரிடம் போனால் 'பைத்தியம்' என்று பட்டம் கட்டுவார்கள். இந்தப் பயம் எல்லா மாணவருக்கும் உண்டு. தலித், பழங்குடிப் பிள்ளைகளுக்கு இன்னொரு பயமும் சேர்கிறது. "இட ஒதுக்கீட்டில் வந்ததுதானே! படிப்பு தாங்கவில்லை" என்பார்கள். சில பெரிய கல்லூரிகளில் "உன் ரேங்க் என்ன?" என்று கேட்பதே, எந்த ஒதுக்கீட்டில் வந்தாய் என்று அறியத்தான். இதைக் கேட்டுக் கேட்டு, குறை தன்னிடம்தான் என்று பிள்ளையே நம்பிவிடுகிறது.

2016-ல் ஐதராபாத்தில் ரோகித் வெமுலா என்ற ஆராய்ச்சி மாணவர் தற்கொலை செய்துகொண்டார். 2019-ல் மும்பையில் பாயல் தட்வி என்ற பழங்குடிப் பெண் டாக்டரும் அப்படியே இறந்தார். இருவரின் தாய்மார்களும் சேர்ந்து உச்ச நீதிமன்றம் போனார்கள். கல்லூரிகளில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்கச் சொல்லி வழக்குப் போட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயம்தான். பகலெல்லாம் அவமானம், இரவில் மாத்திரை என்றால் எந்த மனம் தேறும்?

ஆனால் மனச்சோர்வுக்கு வைத்தியம் உண்டு. காய்ச்சலைப் போல அதுவும் நோய்தான். வம்சத்துக்கு வந்த களங்கம் அல்ல. கல்யாணம் தடைபடுமோ என்று சிலர் வீட்டுக்குள்ளேயே மூடி வைக்கிறார்கள். மந்திரித்துக் கயிறு கட்டி மாதங்களைக் கழிக்கிறார்கள். நோய் அதற்குள் முற்றிவிடும்.

டாக்டரிடம் சொன்னது வெளியே போய்விடும் என்ற அச்சமும் உண்டு. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், நோயாளியைப் பற்றிய விவரங்களை இரகசியமாக வைக்கச் சொல்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளில் மட்டுமே விலக்கு உண்டு.

14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். 2022-ல் மத்திய அரசு தொடங்கிய சேவை இது. பெயர் டெலி மானஸ். இரவும் பகலும் பேசலாம். காசு இல்லை. தமிழிலும் பேசுவார்கள்.

வீட்டிலிருந்து போன் செய்பவர்கள் முதலில் மார்க்கைக் கேட்க வேண்டாம். "ராத்திரி தூங்கினியா? யாராவது மனசு நோகப் பேசினாங்களா?" என்று கேட்கலாம். பிள்ளை அழுதால் அழட்டும். "இதுக்கா படிக்க அனுப்பினோம்?" என்ற சொல் மட்டும் வரக் கூடாது. என்ன செய்வதென்று தெரியாவிட்டால், அந்த 14416-க்குத் தாயே போன் செய்து கேட்கலாம்.