சொந்த மண்ணில் நடக்கச் சீட்டா?

(தம்பிலுவிலில் ஆற்றிய உரை)



தம் வட்டைக்குள் இறங்குவதற்கு எவரேனும் பிறரிடம் சீட்டு வாங்குவதுண்டோ? போர்க்காலத்து வவுனியாவிலோ, "பாஸ்" இன்றித் தங்கவும் வெளியேறவும் தமிழருக்கு இயலவில்லை. முகாமில் வாழ்ந்த, இடம்பெயர்ந்த ஒருவர் வழக்குத் தொடுத்தார். அம்முறை நடமாடும் உரிமையை மீறுவதென 2002இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

போர் முடிந்து ஐந்தாண்டுகள் கழிந்தன. 2014 ஒக்டோபரில், வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உடையோர் வடமாகாணம் செல்லப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டுமென்றது அரசு. அந்நியர் வருகையை ஒழுங்குசெய்யும் அதிகாரம் அரசுக்கு உண்டு, மறுக்கோம். ஆயின், ஒன்பது மாகாணங்களுள் ஒன்றுக்கு மட்டும் பூட்டு ஏன்? பெற்ற தாயைக் காணவந்த புலம்பெயர்ந்த பிள்ளையும் அதிலே சிக்கினானே!

2015 ஜனவரியில் ஆட்சி மாறியது, தடையும் நீங்கியது. மகிழ்ந்தோம். ஆனால் அறிவித்தலால் வந்து அறிவித்தலால் போனது, மற்றோர் அறிவித்தலால் நாளை கிழக்கிற்கும் வரலாமன்றோ?

அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை குடிமக்களுக்கு நடமாடும் சுதந்திரம் தருகின்றது. சட்டத்தினாலன்றி அதனைக் கட்டுப்படுத்தலாகாது என்பது 15ஆம் உறுப்புரை. தம்பிலுவில் உழவனுக்கும் கல்முனை வணிகனுக்கும் இது பொதுவுரிமை.

ஆகவே, சீட்டுக் கேட்பவரிடம் "எந்தச் சட்டம்?" எனக் கேளுங்கள். விடை இல்லையேல் திகதியைக் குறித்துக்கொண்டு சட்டத்தரணியிடம் விரையுங்கள். உரிமை மீறப்பட்ட ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றில் மனுச் செய்தல் வேண்டும். முகாமில் இருந்தவருக்கு இருந்த துணிவு நமக்கும் வேண்டாமா?