கல் தரையும் ஆசிட் கேனும்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் குடியிருப்பில் சில வீடுகளில் தரை மாற்றும் வேலை நடக்கிறது. இன்னும் சிலர் பொங்கலுக்குள் முடிக்கப் பார்க்கிறார்கள். கல் வாங்கக் கடைக்குப் போகும்போது ஒரு எலுமிச்சம்பழம் எடுத்துக்கொள்ளுங்கள். திருஷ்டிக்கு இல்லை, கல்லைச் சோதிக்க.

சாம்பிள் துண்டு கேட்டு வாங்கி, பாலிஷ் போட்ட பக்கத்தில் இரண்டு சொட்டு விடுங்கள். பத்து நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். அந்த இடம் மங்கியிருந்தால் அது சுண்ணாம்பு இனக் கல். மார்பிள், கடப்பா, கோட்டா மூன்றும் இந்த இனம்தான். கிரானைட்டுக்கு ஒன்றும் ஆகாது. புளியோ தயிரோ சிந்தினாலும் கவலையில்லை, அதனால் சமையல் மேடைக்கு அதுவே சரி. கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கமே வெட்டுகிறார்கள். (நம் பல்லாவரத்துக் கல்லும் லேசுப்பட்டது இல்லை. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் அந்த வகை. அதை வைத்துத்தான் 1893-இல் தாமஸ் ஹாலந்து அதற்குச் 'சார்னாக்கைட்' என்று பெயர் வைத்தார்.)

மார்பிள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. படுக்கையறையில் அழகாக இருக்கும். வெள்ளை மார்பிளை ஒயிட் சிமெண்டில் பதிக்கச் சொல்லுங்கள், சாதா சிமெண்டின் கறுப்பு மேலே தெரியும். பாத்ரூமுக்கும் பால்கனிக்கும் எந்தக் கல்லானாலும் பாலிஷ் வேண்டாம், சொரசொரப்பாகவே இருக்கட்டும். வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள். பழைய டைல்ஸ் மேலேயே கல் பதிக்க நினைப்பவர்கள் ஒரு கணக்குப் பாருங்கள்: 20 மி.மீ. கிரானைட் ஒரு சதுர அடி சுமார் 5 கிலோ. இன்ஜினியரைக் கேட்காமல் ஏற்றாதீர்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நமக்கு வருவது போர் தண்ணீர். காய்ந்தால் வெள்ளையாக உப்புப் படியும். உடனே கை ஆசிட் கேனுக்குப் போகிறது. அந்தப் படிவிலும் கால்சியம், மார்பிளிலும் கடப்பாவிலும் கால்சியம். ஆசிட்டுக்கு வித்தியாசம் தெரியாது, இரண்டையும் சேர்த்தே அரிக்கும். நுரை பொங்குவதைப் பார்த்து அழுக்கு போகிறது என்று நினைக்கிறோம். போவது கல். பாலிஷ் போன கல் அழுக்கை இன்னும் வேகமாகக் குடிக்கும். அதற்கு இன்னும் கொஞ்சம் ஆசிட். கடைசியில் மெஷின் வைத்துத் தேய்க்க ஆள் கூப்பிட வேண்டியதுதான்.

எங்கள் வீட்டில் கிரானைட்தானே என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கல் தாங்கும், இடுக்கில் உள்ள சிமெண்ட் தாங்காது. மேல் வீட்டு பாத்ரூமில் ஊற்றுகிற ஆசிட் கீழ் வீட்டு சீலிங்கில் ஈரமாக இறங்கக்கூடும்.

அப்படியானால் எப்படித் துடைப்பது? முதலில் உலர்ந்த துடைப்பத்தால் மணலைப் பெருக்குங்கள். மணல் மார்பிளைவிடக் கடினம், காலில் மிதிபட்டே கீறிவிடும். வாசலில் மிதியடி இருந்தால் பாதி வேலை மிச்சம். பிறகு ஒரு வாளித் தண்ணீரில் சில சொட்டு எலுமிச்சை சேராத பாத்திரம் கழுவும் லிக்விட். துடைத்ததும் உலர்ந்த துணியால் ஒரு முறை ஒற்றிவிடுங்கள். ஈரம் நிற்காவிட்டால் உப்பு எங்கே படியும்? விளக்கு எண்ணெய்க் கறைக்கு சமையல் சோடாவைக் கெட்டியாகக் குழைத்து அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு நாள் விடுங்கள். ஒரு தடவையில் போகாவிட்டால் மறுபடியும். தண்ணீர்ச் சொட்டு விட்ட இடம் சில நிமிடத்தில் கறுத்தால் சீலர் பூச வேண்டிய நேரம்.

நம் மாடிப்படி கடப்பா, லாபி மார்பிள். இரண்டையும் வாரம் ஒரு முறை ஆசிட் விட்டுத்தான் கழுவுகிறோம். கழுவுகிற அக்காக்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அடுத்த மாதம் முதல் சங்கம் ஆசிட் வாங்கக் கூடாது என்று செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். தீர்மானம் வர நாளாகலாம். ஆனால் மோட்டார் ரூமில் ஆசிட் கேனும் பிளீச்சிங் பவுடர் மூட்டையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டும் கலந்தால் வருவது குளோரின் வாயு. அவற்றை இன்று சாயங்காலமே தனித்தனி இடத்தில் வைத்துவிடுங்கள்.