மீட்கத் தெரிந்த பின் காக்கலாம்



இன்று பட்டம் பெறும் உங்களில் பலர் தரவுத்தள நிர்வாகிகளாகப் பணியில் அமரப் போகிறீர்கள். அவ்விதம் அமருகையில், கல்லூரியில் எந்த இயங்குதளத்தில் பழகினீர்களோ அதுவே அங்கும் உங்களை எதிர்கொள்ளும் என்று நம்புவதற்கு ஆதாரம் ஏதும் இல்லை. 1989-இல் ஓ.எஸ்./2 என்னும் இயங்குதளத்தில் பிறந்து, பின்னர் நெடுங்காலம் விண்டோஸுக்கே உரியதாக இருந்துவந்த எஸ்.க்யூ.எல். சர்வர், 2017-இல் லினக்ஸிலும் இயங்கத் தொடங்கிவிட்டது என்பது ஒன்றே இதற்குப் போதிய சாட்சி.

எட்கர் காட் என்னும் அறிஞர், ஐ.பி.எம். ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தபோது 1970-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில், தரவுகள் இயந்திரத்துக்குள் எவ்விதம் அடுக்கப்பட்டிருக்கின்றன என்னும் கவலையிலிருந்து அவற்றை உபயோகிப்பவர்களைக் காக்க வேண்டும் என்று வாதித்தார். அந்த வாதம் வென்றது. ஆனால் அந்தக் கவலை மறைந்துவிடவில்லை, அது முழுவதும் நிர்வாகியின் தலைமேல் வந்து இறங்கியது. வினா எழுதுகிறவருக்கு விண்டோஸும் லினக்ஸும் ஒன்றே. நிர்வாகிக்கோ அவை இரண்டு தேசங்கள்.

ஒரு திருஷ்டாந்தம் சொல்கிறேன். சர்வர் திறந்து வைத்திருக்கும் தரவுக் கோப்பை விண்டோஸில் அழிக்க முற்பட்டால், அது உபயோகத்தில் இருக்கிறது என்று கூறி இயங்குதளமே உங்கள் கையைத் தடுத்துவிடும். லினக்ஸிலோ, அதிகாரம் உள்ளவர் ஆணையிட்ட மாத்திரத்தில் கோப்பின் பெயர் அடைவிலிருந்து நீங்கிவிடும். திறந்த கோப்பைப் பற்றியிருக்கும் சர்வர் சில சமயம் ஒன்றுமே நேராதது போலத் தொடர்ந்து பணிபுரிந்து, நிறுத்தி மறுபடி துவக்கும் வேளையில்தான் நஷ்டத்தை வெளிப்படுத்தும். இவ்வாறே, ரூட் பயனராக நீங்கள் நகலெடுத்து வைத்த பேக்கப் கோப்பை, தனக்கென உள்ள வேறொரு பயனர் பெயரில் இயங்கும் சர்வர் படிக்க இயலாமல் போகலாம். கட்டளையும் கோப்பும் பழுதற்றிருக்க, அனுமதி இல்லாத ஒரே காரணத்தால் ரீஸ்டோர் நின்றுவிடும்.

புதியவர்களுக்கு மட்டுமே உரிய இடர் இது என்று எண்ண வேண்டாம். 2017 ஜனவரி 31 அன்று, கிட்லேப் என்னும் நிறுவனத்தில், நகல் சர்வர் பின்தங்கிப் போனதைச் சீர்செய்ய இரவில் உழைத்துக்கொண்டிருந்த பொறியாளர் ஒருவர், நகல் சர்வரில் இருப்பதாக நினைத்து மூல சர்வரின் போஸ்ட்கிரெஸ் தரவு அடைவையே அழித்துவிட்டார். ஓரிரு விநாடியில் உணர்ந்து நிறுத்தினார் என்றாலும் அதற்குள் ஏறக்குறைய 300 ஜி.பி. தரவு போய்விட்டது. அதனினும் கொடிது பின்னர்த் தெரியவந்தது. தினந்தோறும் எடுக்கப்படுவதாக எல்லோரும் நம்பியிருந்த பேக்கப், 9.6 பதிப்புத் தரவுத்தளத்தின்மேல் 9.2 பதிப்புக் கருவி ஓடியதால் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு காரியத்துக்காக அவர்கள் எடுத்து வைத்திருந்த வட்டு நகல் ஒன்றே கைகொடுத்தது; இடைப்பட்ட நேரத்துத் தரவுகள் திரும்பவில்லை. நடந்தவை அனைத்தையும் அந்நிறுவனம் ஒளிக்காமல் வெளியிட்டது பெரிய உபகாரம். அந்த அறிக்கையை நீங்கள் அவசியம் வாசிக்க வேண்டும்.

ஆகையால், புதிய இயங்குதளத்தில் நிர்வாகி கற்க வேண்டிய முதற் பாடம் பேக்கப் அன்று, ரீஸ்டோரே என்பது என் திடமான அபிப்பிராயம். பேக்கப் முடிந்தது என்று திரையில் தோன்றும் வாசகத்தை நான் ஒருபோதும் பிரமாணமாகக் கொள்வதில்லை. மீட்டுப் பார்க்கும் முயற்சியிலோ, கோப்புகள் எங்கே வைக்கப்படுகின்றன, எந்தப் பயனருக்கு என்ன அனுமதி, சேவையை எவ்வாறு நிறுத்தித் துவக்குவது, லாக் எங்கே எழுதப்படுகிறது என்னும் யாவும் தாமாகவே பாடமாகின்றன. நூறு பக்கக் கையேடு தராத தெளிவு அதில் கிடைக்கிறது.

உங்களிடம் நான் வேண்டுவது இது: பணியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே மேலதிகாரியிடம் ஒரு சோதனை சர்வரைக் கேட்டு வாங்குங்கள், நேற்றைய பேக்கப்பை அதில் உங்கள் கையாலேயே ரீஸ்டோர் செய்து, அட்டவணைகள் முழுமையாக வந்திருக்கின்றனவா என்று சரிபாருங்கள், பிடித்த நேரத்தையும் வழிநெடுக நேர்ந்த தடைகளையும் எழுதி வையுங்கள். சர்வர் இல்லை என்று மறுத்தால், மரியாதையோடு மறுபடியும் கேளுங்கள்.