உயிர்களின் உறவுமுறை



தேர்வுத்தாள் திருத்திய நாள்களில் நான் ஒன்று கற்றுக்கொண்டேன். இருவருடைய சரியான விடைகள் ஒத்திருந்தால் அதில் வியப்பில்லை. இருவருமே நன்கு படித்திருக்கலாம். ஆனால் இருவரும் ஒரே இடத்தில் ஒரே பிழையைச் செய்திருந்தால், அவ்விரண்டு விடைகளுக்கும் மூலம் ஒன்றே என்று ஐயமின்றி அறியலாம். உயிர்களின் உறவை அறியும் முறையும் ஏறக்குறைய இத்தகையதே.

யானைக்கும் எலிக்கும் உள்ள உறவை எலும்பைக் கொண்டு ஆராயலாம். நுண்ணுயிர்களுக்கு எலும்பு ஏது? உருண்டை, கோல், சுருள் என்னும் வடிவங்கள் அவற்றின் உறவைக் காட்டா. ஆகவே எல்லா உயிர்க்கும் பொதுவான ஓர் ஏடு வேண்டும்.

அவ்வேடு ரைபோசோமில் உள்ளது. உயிரணுவினுள் புரதம் செய்யும் நுண்பட்டறை அது. அதன் உறுப்பாகிய ஆர்.என்.ஏ., நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட நீண்ட தொடர் போன்றது. பாக்டீரியாவில் அதன் சிறு கூற்றிலுள்ள தொடருக்கு ஏறத்தாழ 1,500 எழுத்துகள். தலைமுறைதோறும் அத்தொடரின் மூலம் படியெடுக்கப்படுகிறது. எப்போதோ ஓர் எழுத்து மாறுகிறது. அம்மாற்றம் வழித்தோன்றல்களுக்கும் செல்கிறது. மிகுதியாக ஒத்த தொடர்களை உடையவை நெருங்கிய சுற்றம். குறைவாக ஒத்தவை பிரிந்து நெடுங்காலம் ஆனவை.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கார்ல் வோஸ் என்னும் அறிஞர் இவ்வாராய்ச்சியில் ஈடுபட்டார். முழுத் தொடரையும் எளிதில் படிக்க அன்று வழியில்லை. அவர் அதை நொதியால் துண்டாக்கி, துண்டுகளின் தடங்களைப் படத்தாள்களில் பதித்து, ஒளிமேசைமீது விரித்து ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டார். மீத்தேன் வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிர்களை ஆராய்ந்தபோது திகைத்தார். பாக்டீரியாவுக்கே உரிய துண்டுகள் பல அவற்றில் இல்லை! தோற்றத்தில் பாக்டீரியா, ஏட்டிலோ வேறு குலம்.

1977இல் அவரும் ஜார்ஜ் ஃபாக்ஸும் இதனை வெளியிட்டனர். அறிஞர் பலர் ஏற்க மறுத்தனர். வோஸ் தளரவில்லை. 1990இல் அவரும் உடனுழைத்தோரும் உயிருலகைப் பாக்டீரியா, ஆர்க்கியா, யூகேரியா என முப்பெரும் பிரிவுகளாக வகுத்தனர். உட்கருவுடைய உயிரணுக்களால் ஆகிய நாமும், மரமும், காளானும் மூன்றாம் பிரிவில் அடங்குவோம். பாக்டீரியாவைக் காட்டிலும் ஆர்க்கியாவே நமக்கு அண்மை உறவு என்பதும் தெளிவாயிற்று.

இங்கே என் குறையையும் சொல்லவேண்டும். உட்கரு உள்ளவை, இல்லாதவை என உயிர்கள் இருவகையே என்று நான் பல ஆண்டுகள் கரும்பலகையில் எழுதினேன். அப்பாடம் முன்னரே திருத்தப்பட்டுவிட்டது என்பதை நான் காலம் கடந்தே அறிந்தேன். மாணவர் தாளைத் திருத்திய கை, தன் பாடத்தைத் திருத்த மறந்தது.

நீங்கள் அவ்வாறு இருக்கவேண்டா. புறத்தோற்றம் கண்டு உறவை முடிவு செய்யாதீர்கள். நூலில் உள்ளது என்பதற்காகவே ஒன்றை நம்பாதீர்கள்; சான்றை நாடுங்கள். சான்று மாறினால் கருத்தை மாற்றிக்கொள்ள நாணாதீர்கள்.